தேஜஸ்வினியின் பாளி

போன் வந்தபோது பவுனின் இரண்டு கையிலும் மாவு. ஆகுர்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற அந்தப் போளிபாஜி கேந்திராவில் காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஐந்து பெண்கள், மூன்று பெரிய கல், தலைக்கு மேலே கடகடவென்று சுற்றும் எக்ஸாஸ்ட் விசிறி. கம்பெனிகளுக்குப் போகும் மதிய டப்பா வண்டி வாசலில் வந்து நின்றுவிடும். மராத்தியில் சப்பாத்திக்குப் போளி என்று பெயர். எட்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தினமுமா போளி செய்கிறார்கள் என்று வாயைப் பிளந்து, வெல்லம் எங்கே, கடலைப்பருப்பு எங்கே என்று அலமாரியைத் துழாவியவள் பவுன். அதைச் சொல்லிச் சிரிக்க அங்கே இன்றைக்கும் ஆள் உண்டு. அவளுடைய மராத்தி முழுக்க அப்படிக் காதால் பொறுக்கியதுதான். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

சுண்டுவிரலால் போனைத் திருப்பிப் பார்த்தாள். மகள் தேஜுவின் பள்ளிக்கூடத்து மேடம். நல்ல விஷயத்துக்கு எந்தப் பள்ளிக்கூடமும் போன் செய்து அவள் பார்த்ததில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள்.

"தேஜஸ்வினிச்சீ ஆயி போலதாய் கா?"

"ஹோ மேடம். ஹோ."

தேஜஸ்வினியின் அம்மாவா என்று கேட்டு, ஆமாம் என்றதும் மேடம் மடமடவென்று பேசினாள். பத்துப் பதினைந்து பேருக்கு இதையே சொல்லிச் சலித்த குரல். விசிறிச் சத்தத்தில் பாதி கரைந்துபோயிற்று. பவுனின் காதில் தெளிவாக விழுந்தது இரண்டே துண்டு. "தேஜஸ்வினிச்சீ பாளி" என்பது ஒன்று. அதற்கப்புறம் ஏதோ வந்து, கடைசியில், "உத்யாபாசூன் சகாளீ பாட்டவூ நகா." நாளையிலிருந்து காலையில் அனுப்பாதீர்கள். பவுன் மூன்று தடவை ஹோ சொன்னாள். மேடம் வைத்துவிட்டாள்.

பாளி. இந்தச் சொல் பவுனுக்கு நன்றாகத் தெரியும். கேந்திராவில் யாராவது இரண்டு நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால், பெரியவள் சுனந்தா, "திலா பாளி ஆலீ" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மாவு பிசைகிற வேலையை வேறொருத்தியிடம் தள்ளிவிடுவாள். பவுனுக்கு அந்த நாட்கள் வரும்போதும் அதே சொல்தான். பெண்கள் மட்டும் இருக்கும்போது, வாசல் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சொல்கிற சொல். ஆக, தேஜுவுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டரை வயசு. ஏழாம் வகுப்பு. இந்த ஊர்க்காரர்கள்கூட இதற்கெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே என்று சொல்கிறார்களே என்று ஒரு கணம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. அந்த ஆச்சரியத்தை இன்னும் கொஞ்சம் பிடித்துவைத்து யோசித்திருந்தால் பாதி வினை இல்லை. பயத்தில் இருப்பவளுக்கு எந்த பாஷையும் புரிந்த மாதிரிதான் இருக்கும்.

சுனந்தாவிடம் சொல்லிவிட்டுச் சந்துக்கு வந்தாள். வந்ததும் முதல் காரியமாக நாத்தனார் வனஜாவுக்குப் போன் போட்டாள். வனஜா அவள் புருஷனுக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள், இட்லி மாவு வியாபாரம். அத்தைக்காரிக்குத்தான் முதலில் தெரிய வேண்டும், அவள் கையால்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவர்கள் ஊர் சுரண்டைப் பக்கத்து வழக்கம். அரை மணி நேரம் பிந்திச் சொன்னாலும், "எனக்கு ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறவுதான் தெரியும்" என்று பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டக்கூடியவள் வனஜா.

"மைனி, தேஜு சமைஞ்சிட்டா."

"எப்பம்?"

"பள்ளிக்கூடத்துல வச்சு. டீச்சர் இப்பந்தான் போன் பண்ணிச் சொன்னாவ."

"ஏ அய்யா! பிள்ளைய வீட்டுக்குள்ள ஒண்ணையும் தொட விடாத. நான் வந்துதான் தலைக்கு ஊத்தணும். நான் சுரண்டைக்குச் சொல்லிருதேன். ஒந்தம்பி சந்துருவுக்கும் சொல்லிருதேன், தாய்மாமன்லா. இந்தா பாரு, இனி பள்ளிக்கூடம் கிள்ளிக்கூடம்னு அனுப்பிக்கிட்டு இருக்காத என்ன."

இனி. வீட்டுக்கு நடக்கும்போது அந்த ஒரு சொல் பவுனின் செருப்புக்குள் போன கல்லாக உறுத்திக்கொண்டே வந்தது. இப்போதைக்கு என்று வனஜா சொல்லவில்லை. பதினாறு நாளைக்கு என்றும் சொல்லவில்லை.

வனஜாவின் மகள் ஸ்ரீவித்யாவுக்கு நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் பவுன். நாலு வருஷத்துக்கு முன்னால், எட்டாம் வகுப்பில், வித்யா ஆளானாள். பதினாறு நாள் வீட்டு மூலையில் உட்கார்த்தினார்கள். சடங்கை ஊரில்தான் வைக்க வேண்டும் என்று ரயில் ஏறினார்கள். போனவர்கள் வந்து சேர ஒன்றரை மாதம். அதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. பரவாயில்லை, அடுத்த வருஷம் சேர்த்து எழுதட்டும் என்றார்கள். அடுத்த வருஷமும் வந்தது. அதற்குள் வித்யா மாவு ஆட்டி, அளந்து, பாக்கெட் கட்டப் பழகியிருந்தாள். யாரும் அவளைப் படிக்காதே என்று சொல்லவில்லை. ஒருவர்கூட வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை. அதுதான் பவுனுக்கு நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

பவுனும் ஒன்பதாவதோடு நின்றவள்தான். பீடிச் சுளகை மடியில் வைத்தார்கள், அதோடு சரி. ஆனால் தேஜு விஷயம் வேறு என்று அவள் நினைத்திருந்தாள். பஸ் போர்டைத் தேஜு வாசிப்பாள். கரண்ட் பில்லைத் தேஜு வாசிப்பாள். ரேஷன் கடையில் எழுதிப் போட்டிருப்பதை வாசித்து, கடைக்காரனிடமே சண்டை போடுவாள். பத்தாவதாவது முடிக்கட்டும், அதற்குமேல் பார்த்துக்கொள்ளலாம் என்று பவுன் வேண்டாத தெய்வமில்லை. அப்படி வேண்டியவள் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் முதலில் யாருக்குப் போன் போட்டாள்! நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்குத் தேஜு வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே, ஷூவை ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அம்மா, ஐக்க நா, கேளேன், நாளையிலேர்ந்து..."

"நில்லு. உள்ள வராத."

பிள்ளை வாசலில் ஒற்றை ஷூவோடு நின்றது.

"டீச்சர் போன் பண்ணாவ," என்றாள் பவுன். "எல்லாம் சொல்லிட்டாவ."

தேஜுவின் முகத்தில் வந்த மாற்றத்தைப் பவுன் சாகிறவரை மறக்கமாட்டாள். வெட்கம் வரும், அழுகை வரும், வயிறு வலிக்கிறது என்று வந்து கட்டிக்கொள்ளும் என்றெல்லாம் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். வந்தது வேறு. கள்ளச்சாவி போட்டுத் திறக்கும்போது பிடிபட்டவளின் முகம்.

"மேடம் ப்ராமிஸ் பண்ணாங்க," என்றாள் தேஜு மெதுவாக. "யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு. ஜூலைலயே ப்ராமிஸ் பண்ணாங்க."

"ஜூலையா?"

இது நவம்பர். பவுன் விரல் விட்டு எண்ணப் போனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயத்தை வாங்க முடிந்தது. ஜூலையில், மழை நாள் ஒன்றில், வகுப்பிலேயே வந்திருக்கிறது. மேடம்தான் பேட் கொடுத்து, வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். மறுநாள் மாவு வாங்கப் போகிற சாக்கில் வித்யாவிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் மாதாமாதம் வித்யா வாங்கித் தருவது, மாவுப் பாக்கெட்டுக்கு அடியில் கறுப்புக் கவரில் வருவது. இந்த ஒற்றை அறை வீட்டில், நாலடி தள்ளிப் படுத்திருக்கிற தாய்க்குத் தெரியாமல் ஐந்து மாதம். கொஞ்ச நாளாகத் தேஜு காலையில் தானே எழுந்து தன் துணியைத் தானே துவைத்துப் போட்டதைப் பார்த்து, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று கேந்திராவில் பீற்றிக்கொண்டது பவுனுக்கு ஞாபகம் வந்தது. கோபத்தில் பிள்ளையின் தோளில் ஒரு அடி வைத்தாள். அடித்த கையில் காய்ந்த மாவு பொருக்காக உதிர்ந்தது.

"பெத்தவட்ட சொல்ல மாட்டியா? அந்த மட்டுக்கு நான் ஆகாதவளா போயிட்டேனா?"

"உன்ட்ட சொன்னா நீ அத்தைட்ட சொல்லுவெ. பக்கா சொல்லுவெ," என்றாள் தேஜு. "அத்தை ஊருக்குச் சொல்லுவாங்க. அப்புறம் வித்யா மைனி மாதிரிதான். மைனியே சொன்னாங்க, எவ்ளோ நாள் முடியுதோ அவ்ளோ நாள் வாயத் திறக்காதன்னு." அவளுக்குத் திடீரென்று ஏதோ தோன்றியிருக்க வேண்டும். தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தைட்ட சொல்லிட்டியா?"

பவுன் கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினாள்.

"அம்மா. சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

தேஜு அப்படியே வாசற்படிக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பை இன்னும் தோளில்தான் இருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் பவுனுக்குச் சமாதானம் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. சோறு ஆறிப் போயிற்று.

நாலு மணிக்குப் புருஷன் வசந்தகுமார் வந்தான். முதல் ஷிப்ட் வாரம். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருஷமாக மெஷினில் நிற்கிறவன். அக்கா வனஜா கம்பெனிக்கே போன் போட்டுச் சொல்லியிருந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தான்.

"பவுனு. நான் உள்ள வரலாமா, பிள்ள மொகத்தப் பாக்கக்கூடாதா? அக்காட்ட கேக்க விட்டுப்போச்சு."

"வாங்க, ஒண்ணும் செய்யாது."

உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தான். துணி மாற்றுவதற்காகக் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் தேஜு இருக்கிறாள் என்று தெரிந்து அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினான். அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மெஷின் திடீரென்று நின்றுபோனால் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாதவன் மாதிரி இருந்தான்.

"டீச்சரம்மா என்னன்னு சொன்னாவ?"

"என்னத்தச் சொல்லுவாவ. பாளின்னு சொன்னாவ. நாளையிலேருந்து அனுப்பாதியன்னு சொன்னாவ."

"பாளின்னா?"

"ஒங்கட்ட எப்படிச் சொல்ல. பொம்பளைய சமாச்சாரம்."

வசந்தகுமார் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"பாளின்னா ஷிப்டுல்லா," என்றான். "எங்க கேட்டுலயே போர்டு இருக்கு. பஹிலீ பாளி, துஸ்ரீ பாளி, ராத்ர பாளி. நான் இந்த வாரம் பஹிலீ பாளி. நீ என்ன சொல்லுத?"

பவுனின் போனை அவன் வாங்கி, பள்ளிக்கூடத்து வாட்சப் குரூப்பைத் திறந்தான். நேற்றே வந்த செய்தி, நீளமாக மராத்தி எழுத்தில். புரியாத செய்திகளுக்கெல்லாம் போடுகிற மாதிரி இதற்கும் பவுன் கைகூப்பு ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். அவனுக்கும் பேச வருமே தவிர, அவ்வளவு நீளத்துக்கு வாசிக்க வராது. "தேஜு, இங்க வா. இத வாசி," என்றான்.

தேஜு திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். போனைக் கையில் வாங்கி, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற மாதிரி வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கட்டடம் ரிப்பேர், அவர்களும் இங்கேயே வருகிறார்கள். அதனால் ஏழாம் வகுப்புக்கு நாளையிலிருந்து மதியம் பாளி. பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஆறு பத்து வரைக்கும். காலையில் அனுப்ப வேண்டாம்.

"இதத்தான் நான் வந்ததும் சொல்ல வந்தேன்," என்று முடித்தாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"அப்பம் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?" என்றான் வசந்தகுமார்.

கேள்வி பவுனைப் பார்த்துத்தான் வந்தது. பதினான்கு வருஷக் குடித்தனத்தில் அவள் அவனிடம் சொன்ன பொய்யெல்லாம் சேலைக்கும் சினிமாவுக்கும் சொன்ன சின்னப் பொய்கள். தேஜு போனைப் பிடித்தபடி நின்றாள். அவள் விரல் நுனி வெளுத்திருந்தது. ஆமாம் என்றால், இன்றைக்கே தண்ணீர் ஊற்றி மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். இல்லை என்றால் இன்றைக்குத் தப்பிக்கலாம். அடுத்த மாதம் தப்பிக்க முடியுமா, அதற்கடுத்த மாதம்? என்றாவது ஒரு நாள் வெளியே வந்தால், பெற்றவளே மறைத்தாள் என்று சுரண்டை வரைக்கும் சிரிக்கும். இதையெல்லாம் யோசிக்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்ல," என்றாள். "நாந்தான் கேணச்சிறுக்கி, ஒண்ணு கெடக்க ஒண்ணா வெளங்கிக்கிட்டேன்."

வசந்தகுமார் சிரிக்க ஆரம்பித்தான். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். "பாளின்னா பொம்பளைய சமாச்சாரமா! நாளைக்குக் கம்பெனில சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பானுவ." பிறகு ஒரு பழத்தை உரித்துத் தேஜுவிடம் நீட்டினான். "நீ சாப்பிடு தாயி. எனக்குக் கையும் காலும் ஆடிப்போச்சு." இந்த மனுஷனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமோ என்று பவுனுக்கு ஒரு எண்ணம் வந்தது. ஆனால் இவன் அக்காவிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன். அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஐந்து மணிக்கு வனஜா வந்துவிட்டாள். பின்னாலேயே இரண்டு கையிலும் பையோடு வித்யா. உளுந்து, கருப்பட்டி, ஒரு லிட்டர் நல்லெண்ணெய், பிம்ப்ரி மார்க்கெட் வரை போய்த் தேடிப்பிடித்த நாட்டுக்கோழி முட்டை பன்னிரண்டு. வித்யாவுக்குப் பதினேழு முடிகிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு ஒல்லி. வந்ததும் வராததுமாக அவள் கண் தேஜுவைத் தேடியது. தேஜு தலையை அசைத்தாளா இல்லையா என்று பவுனுக்குப் பிடிபடவில்லை.

வசந்தகுமார் முழுக் கதையையும் நடித்தே காட்டினான். வனஜா சிரிக்கவில்லை.

"சுரண்டையில நாலு வீட்டுக்குச் சொல்லியாச்சு. ஒம் மச்சினன் சந்துரு லீவு கேட்டுட்டான். இப்பம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இல்லன்னு சொல்ல?" என்றாள். பிறகு தேஜுவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இங்க வாட்டி." தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "நெசமாவே இல்லியா?"

"இல்ல அத்த."

வித்யா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து முட்டைகளை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முட்டைகூட ஒன்றோடொன்று தட்டவில்லை. அந்த அறையில் இருந்த நாலு பெண்களில் மூன்று பேருக்குத் தெரிந்த ஒன்று நாலாவது ஆளுக்குத் தெரியாமல் இருந்தது.

வனஜா தோளை விட்டாள். விட்டதும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு பத்துக்கா பள்ளிக்கூடம் விடுதாவ?"

"ஆமா மைனி."

"கார்த்திகை பொறக்கப்போவுது. ஆறு மணிக்கே கண்ணு தெரியாம இருட்டிருது. கம்பெனி விடுத நேரம், ரோடு பூரா ஆம்பளைய. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு ஆவப்போற பிள்ள. யாரு போயிக் கூட்டியாருவா? ஏலே வசந்தா, நீ ரெண்டாம் ஷிப்டுன்னா பதினோரு மணிக்கு வருவ. இவ எட்டு மணி வரைக்கும் சப்பாத்தி சுடுதா. யாரு போவா, சொல்லு."

வனஜாவிடம் இருக்கிற கஷ்டமே இதுதான். அவள் சொல்வதில் பொய் ஒன்றும் இருக்காது. போன மாதம்தான் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். தெருவிளக்கு பாதி எரிவதில்லை. பவுனே அந்த வழியில் வரும்போது முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள்.

வசந்தகுமாரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "அக்கா சொல்லுததும் சரிதான்," என்றான். "ஒரு ரெண்டு மாசம் பாப்போம். கட்டடம் சரியாயி மறுபடி காலைல மாத்துவாவல்லா. அப்பம் போட்டும்."

அப்பம் போகட்டும். பவுனுக்கு இந்த இடம் தெரியும். இங்கே நின்றுதான் வித்யாவை இழந்தார்கள். இதே குரல், இதே நல்லெண்ணம். பயத்தில் அவளுக்கு வாய் வந்துவிட்டது.

"வித்யாவுக்கும் அப்படித்தான மைனி சொன்னிய. அடுத்த வருசம் போட்டும்னு."

அடுத்த வீட்டில் குக்கர் கத்தி ஓய்ந்தது.

"நான் ஒண்ணும் அவள நிறுத்தல," என்றாள் வனஜா. அவள் குரலில் கோபம் இல்லாதது பவுனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "நின்னுட்டா. நாம் போகாதன்னு சொன்னனா? அவட்டயே கேளு." கேளு என்று சொன்னவள் மகள் பக்கம் திரும்பவில்லை.

வித்யா கடைசி முட்டையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் போயி தேஜுவக் கூட்டியாரேன்," என்றாள்.

"மாவு யாரு ஆட்டுவா?"

"நாலு மணிக்கே ஆட்டி வச்சிருதேன்."

"நீயும் பொம்பளப் பிள்ளதான். நீ யாரு, பெரிய போலீசா?"

"ரெண்டு பேரா வருவம்லா."

வசந்தகுமார் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன் மாதிரி பிடித்துக்கொண்டான். அக்காவையும் பகைத்துக்கொள்ளாமல் பிள்ளையையும் அழவிடாமல் ஒரு வழி. "சரிக்கா. நாலு நாளைக்குப் பாப்போம். சரிப்பட்டு வரலைன்னா நிறுத்திருவோம்." வனஜா உளுந்தையும் எண்ணெயையும் திரும்பப் பையில் வைத்தாள். முட்டையை விட்டுவிட்டாள். "எப்பம்னாலும் வேணும்லா," என்றாள். அதில் குத்தல் இருந்ததா, வெறுமனே சொன்னாளா என்று தெரியவில்லை.

வனஜா படியிறங்கித் தெருவுக்குப் போன பிறகு, வித்யா செருப்பு வாரை மாட்டுகிற சாக்கில் பின்தங்கினாள். பவுன் அவள் பக்கத்தில் போய் நின்றாள். பிள்ளையைத் தாய்க்குத் தெரியாமல் மறைக்கச் சொல்லிக்கொடுத்ததற்கு நாலு கேட்க வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டில் எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. "ஏட்டி," என்று மட்டும் சொன்னாள்.

"பதினெட்டாம் தேதி வாக்குல வரும், அத்தை," என்றாள் வித்யா, நிமிராமல். "இனி நீங்க ஞாவகம் வச்சிக்கிடுங்க."

அன்றைக்குத் தேதி பன்னிரண்டு.

மறுநாள் மதியம் தேஜு சீருடையோடு கிளம்பிப் போனாள். வசந்தகுமாருக்கு அன்றைக்கு ராத்திரி வரை ஓவர்டைம். பவுனுக்குச் சாயங்காலக் கல்லில் எதுவும் ஓடவில்லை. ஐந்தே முக்காலுக்கு வாசலுக்கு வெளியே சாம்பல் நிறமாகியது. ஆறு மணிக்கு எதிர்க்கடை விளக்கைப் போட்டார்கள். வித்யா வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பாளா, கடைசி நேரத்தில் வனஜா ஏதாவது வேலை சொல்லி உட்காரவைத்திருப்பாளா? வித்யாவிடம் போன் கிடையாது. வனஜாவுக்குப் போட்டுக் கேட்டால் அதுவே வினையாகிவிடும். இரண்டு போளி கருகிற்று. மூன்றாவது கருகியபோது சுனந்தா அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "ஜா, ஜா," என்று வாசலைக் காட்டினாள்.

பவுன் ஓடினாள். ஸ்டேஷன் ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்ஸும் பைக்குமாக ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. டீக்கடை ஓரத்தில் நின்ற ஆட்களையெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். நேற்றுவரை அவர்கள் வெறும் ஆட்கள்தான். பள்ளிக்கூடம் தெரிகிற திருப்பத்துக்கு வந்தபோது மணி ஆறு இருபது. மைதானம் ஏறக்குறையக் காலி. கேட்டுக்கு வெளியே விளக்குக் கம்பத்தடியில் தேஜு தனியாக நின்றாள். தோளில் பை இல்லை.

"வித்யா மைனி வரலியாட்டி? பை எங்க?"

"வந்தாங்க. அஞ்சரைக்கே வந்துட்டாங்களாம்." தேஜு கேட்டுக்குள் கையைக் காட்டினாள். "பைய நான் எடுத்துட்டு வாரேன், நீ முன்னாடி போன்னு சொன்னாங்க. இன்னும் வரலை."

வராந்தாவில் ஒற்றை பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே வகுப்பறை ஜன்னல் ஒன்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேஜுவின் பையைத் தோளில் மாட்டியபடி, வித்யா உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். பெஞ்சுகளைத் தவிர உள்ளே எதுவும் இருக்க நியாயமில்லை. வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு அவள் பக்கம் போனான். கடைசியாகக் கை கழுவிவிட்டு வந்த மூன்று நாலு பிள்ளைகளை விரட்டிக்கொண்டே, அவளையும் அதில் ஒருத்தி என்று நினைத்துக் கேட்டான்.

"ஏ, கித்வீச்சீ தூ?"

எந்த வகுப்பு நீ. பவுனுக்கு இது புரிந்தது. இதில் தப்பாக விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. கூப்பிடுவதற்காகத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

வித்யா ஜன்னலை விட்டுத் திரும்பினாள். "ஆட்வீச்சீ," என்றாள். எட்டாவது.

"சல், சல், கேட் பந்த் கராய்ச்சே," என்றான் அவன். கேட்டைப் பூட்ட வேண்டுமாம்.

வித்யா பையின் இரண்டு வாரையும் இழுத்துச் சரிசெய்துகொண்டு, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டை நோக்கி நடந்து வந்தாள்.